ரசிகர் சங்க ஆண்டறிக்கை, 2023: எரிமலைக்கு ஐம்பது ஆண்டு

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் கடல் காற்றையும் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மற்றதை நான் சொல்கிறேன்.

முதலில் ஆட்டங்கள். மார்ச்சில், ஐஸ்லாந்தின் தெற்கே வெஸ்ட்மன்னாயார் தீவுகளில் இருக்கும் நம் ஊர்க் கிளப்பான ஐபிவியின் பெண்கள் ஹேண்ட்பால் அணி ஐஸ்லாந்துக் கோப்பையை வென்றது. மே கடைசியில் ஆண்கள் அணி, ஹௌகர் அணியோடு ஐந்தாவது ஆட்டம்வரை மல்லுக்கட்டி, நம் ஊர் அரங்கிலேயே ஐஸ்லாந்து சாம்பியன் ஆனது. 2014, 2018-க்கு அப்புறம் இது மூன்றாவது பட்டம். கால்பந்தில் கதை வேறு. ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டுமே முதல் நிலை லீகிலிருந்து இறங்கிவிட்டன. ஒரே ஆண்டில் இரண்டும். அன்றைக்கு வீட்டுக்குப் போய் வெகுநேரம் நான் யாரோடும் பேசவில்லை. உங்களில் பலருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

இந்த ஆண்டு நம் சங்கம் அதிக நேரம் செலவிட்டது எரிமலையின் ஐம்பதாம் ஆண்டு நினைவுக்காக. 1973 ஜனவரி 23, விடியற்காலை இரண்டு மணிக்குச் சற்று முன்பு ஊரின் கிழக்கு ஓரத்தில் நிலம் பிளந்தது. முந்தின நாள் புயல் என்பதால் மீன்பிடிப் படகுகள் எல்லாம் துறைமுகத்திலேயே நின்றன. அதனால்தான் ஏறக்குறைய 5,300 பேரும் விடிவதற்குள் ஐஸ்லாந்துப் பெருநிலத்தின் கரை சேர முடிந்தது. ஜூலை 3-ஆம் தேதி எரிமலை அடங்கியபோது 400 வீடுகள்போல எரிகுழம்புக்கும் சாம்பலுக்கும் அடியில் இருந்தன. துறைமுகத்தின் வாயையும் எரிகுழம்பு அடைக்கப் பார்த்தது. எரிகுழம்பின்மேல் கடல்நீரை இரவும் பகலும் பாய்ச்சிக் குளிரவைத்துத்தான் துறைமுகத்தைக் காப்பாற்றினார்கள்.

ஊரே பெருநிலத்தில் அங்கங்கே சிதறிக் கிடந்த அந்தக் கோடையிலும் நம் கால்பந்து அணி கலையவில்லை. சொந்த மைதானம் இல்லாமலே லீக் ஆட்டங்களை ஆடியது. 1972-இல் கோப்பையை வென்றிருந்ததால் செப்டம்பரில் ஐரோப்பியக் கோப்பை வெற்றியாளர் போட்டிக்கும் போனது. எதிரே ஜெர்மனியின் போருசியா மொன்ஷன்கிளாட்பாக். இரண்டு ஆட்டத்திலும் தோற்றோம்: ஒன்றில் 7-0, இன்னொன்றில் 9-1. அந்த ஸ்கோரைச் சொல்லி யாராவது சிரித்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. எரிமலை அடங்கி மூன்று மாதம்கூட ஆகாத நேரத்தில், வீடு இருக்கிறதா இல்லையா என்று தெரியாத பையன்கள் நம் பெயரைப் போட்டுக்கொண்டு களத்தில் நின்றார்கள். அந்த ஒற்றை கோலை நான் பட்டங்களுக்குக் குறைவாக வைக்க மாட்டேன். அதே ஆண்டில்தான் நம் ஊர்ப் பையன் அவுஸ்கெய்ர் சிகுர்வின்சன் பதினெட்டு வயதில் பெல்ஜியத்தின் ஸ்டாண்டர்ட் லியேஜ் அணிக்குப் போனார். 1984-இல் ஸ்டுட்கார்ட்டோடு ஜெர்மனி சாம்பியன் ஆனார்.

ஊருக்குத் திரும்பி வந்தவர்கள் 1979-இல் முதல்முறை லீக் பட்டத்தை வென்றார்கள். நடுவில் ஆறே ஆண்டு.

பழைய பொருள் சேகரிப்புக்கு நாம் வேண்டுகோள் விடுத்ததும் படங்கள், ஷீல்டுகள், டிக்கெட்டுகள் வந்து குவிந்தன. ஒரு மூத்த உறுப்பினர் ஒரு பையில் சட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். சிறு வயதில் தன் அண்ணன் போட்ட டீர் கிளப் சட்டை. அந்தக் கோடையில் வீட்டைத் தோண்டியபோது அலமாரியில் மடித்தபடியே கிடைத்ததாம். எத்தனையோ முறை துவைத்த சட்டை. மேசைமேல் வைத்து உள்பக்கம் திருப்பினோம். அக்குள் தையலிலிருந்து கடுகைவிடச் சிறிதாக, கறுப்பாக நாலைந்து மணிகள் உதிர்ந்தன. யாரும் அதைத் துடைக்கவில்லை. ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டு சட்டையோடு வைத்திருக்கிறோம்.

இந்தச் சட்டையால்தான் நம் குழுவில் ஒரு வாக்குவாதமும் வந்தது. இளையவர்களுக்காகச் சொல்கிறேன்: ஊரில் அப்போது இரண்டு கிளப். 1913-இல் தொடங்கிய தோர், 1921-இல் தொடங்கிய டீர். இரண்டும் பழைய நார்ஸ் தெய்வங்களின் பெயர்கள். தோர் வீட்டில் பிறந்தவர் தோர், டீர் வீட்டில் பிறந்தவர் டீர். வெளியூரோடு ஆடும்போது மட்டும் எல்லோரும் ஐபிவி. 1996 முடியும் தறுவாயில்தான் இரண்டும் ஒரே கிளப்பாக இணைந்தன. அடுத்து வந்த 1997, 1998 இரண்டிலும் நாம்தான் சாம்பியன். இப்போது இந்த டீர் சட்டையையும் தோர் சட்டையையும் ஒரே கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாமா கூடாதா என்பதுதான் கேள்வி. ஒரே பெட்டியில்தான் வைக்க வேண்டும் என்பது என் கருத்து. உள்ளூரில் முட்டிக்கொண்ட இரண்டு கிளப்பும் கடல் தாண்டினால் ஒரே அணி. நம் கிளப்பின் குணமே அதுதானே. இன்று முடிவெடுத்துவிடலாம்.

ஆகஸ்ட் திருவிழாவில் நம் உறுப்பினர்கள் வழக்கம்போல வேலை செய்தார்கள். 1874-இல் மோசமான வானிலையால் பெருநிலத்தில் நடந்த, ஐஸ்லாந்தில் மக்கள் குடியேறிய ஆயிரமாண்டு விழாவுக்குப் போக முடியாத தீவுக்காரர்கள், இங்கேயே ஹெர்யோல்ஃப் பள்ளத்தாக்கில் கொண்டாடியதுதான் தொடக்கம். தோரும் டீரும் ஆண்டு மாற்றி ஆண்டு நடத்தினார்கள். இன்றும் கிளப்பின் வருமானத்தில் பெரும்பங்கு அதிலிருந்துதான். கோவிட்டால் 2020, 2021 இரண்டு விழாவும் நின்றபோது கை எவ்வளவு கடித்தது என்பது பொருளாளருக்குத் தெரியும். வெள்ளைக் கூடாரம் அடிக்கவும், ஞாயிறு இரவுப் பாட்டு முடிந்து குப்பை பொறுக்கவும் வந்த ஒவ்வொருவருக்கும் நன்றி. அடுத்த ஆண்டு 150 நிறைகிறது. கூடுதல் ஆள் வேண்டும்.

ஜூனில் சிறுவர், சிறுமியர் கால்பந்துப் போட்டிகளும் நன்றாக நடந்தன. 1984-இல் தொடங்கியது இந்த வழக்கம். பள்ளி வகுப்பறைகளில் பாய் விரித்துப் படுக்கும் பிள்ளைகளுக்குக் காலைக் கஞ்சி ஊற்றும் பொறுப்பை நம்மில் பலர் எடுத்துக்கொண்டார்கள்.

வெளியூர் ஆட்டப் பயணத்தில் ஒரு குறை. பெருநிலத்தில் நமக்கு அருகே உள்ள லாண்டேயா துறைமுகம் திறந்திருந்தால் கப்பலில் நாற்பது நிமிடம்தான். அலை அதிகமான நாளில் தொலைவில் உள்ள தோர்லாக்ஸ்ஹோஃப்ன் துறைமுகம் வழியாகப் போக மூன்று மணி நேரம்போல ஆகிறது. அக்டோபரில் ஒருமுறை இந்த மாற்றத்தை நான் தாமதமாக அறிவித்ததால் பன்னிரண்டு பேர் ஆட்டத்தைத் தவறவிட்டார்கள். தவறு என்னுடையது. இனி முந்தின இரவே எல்லோருக்கும் செய்தி வரும்.

அடுத்த பருவம் கால்பந்து இரண்டாம் நிலையில். டிக்கெட் விலை குறையும், கூட்டமும் குறையும் என்கிறார்கள். ஹாஸ்டெய்ன் மைதானத்து மேட்டில் நம் வழக்கமான இடம் காலியாக இருக்கக் கூடாது. முதல் உள்ளூர் ஆட்டத்துக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கொடியை நான் கொண்டுவருகிறேன்.

அறிக்கையை ஏற்று ஒப்புதல் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்