வைரல் லோடு நடத்தைச் சான்றிதழ் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

எச்.ஐ.வி. வந்து பத்து வருடம் மாத்திரையே இல்லாமல் நன்றாக இருந்த ஒருவரைப் பற்றி ஞாயிறு இணைப்பில் எழுதியிருந்தீர்கள். நல்ல கட்டுரைதான், ஆனால் அதற்குக் காரணம் மன உறுதியும் கட்டுப்பாடான சாப்பாடும் என்று முடித்துவிட்டீர்களே, அதுதான் பொறுக்கவில்லை. எச்.ஐ.வி.க்கு மாத்திரை கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையம் ஒன்றில் கவுன்சிலராக இருக்கிறேன். இப்படி ஒரு வரி சுற்றிச் சுற்றி என் மேஜைக்கு எப்படி வந்து சேரும் என்று எனக்குத் தெரியும்.

போன வருடம் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். மாத்திரை தொடங்கும் முன்பே வெளி லேபில் வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று, பார்த்திருந்தார்கள். அவருக்கு இரண்டு லட்சத்துக்கு மேல், அந்தப் பெண்ணுக்கு நாலாயிரத்துச் சொச்சம். கூட வந்த மாமியார் இரண்டு ரிப்போர்ட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இவளுக்குக் கம்மியா இருக்கே, அப்ப இவளுக்குத்தான் முதல்ல வந்து அடங்கிப்போச்சா?" என்று கேட்டார். அந்தப் பெண் தலையை நிமிர்த்தவே இல்லை.

யார் யாருக்குக் கொடுத்தது என்று அந்த எண் சொல்லாது. தொற்றிய புதிதில் வைரஸ் எகிறும், அப்புறம் இறங்கி ஒரு மட்டத்தில் நிற்கும். அந்த மட்டம் ஆளுக்கு ஆள் ஆயிரம் மடங்குகூட மாறும். எச்.எல்.ஏ. பி57, பி27 என்று சில மரபணு வகைகள் உண்டு, பிறக்கும்போதே வருபவை. அவை வைரஸின் முக்கியமான துண்டுகளை வெள்ளணுக்களுக்குக் காட்டிக்கொடுத்துவிடும். தப்பிக்க வைரஸ் அந்த இடத்தை மாற்றிக்கொண்டால், பெருகும் வேகம் குறைந்துபோகும். சரி, எல்லாம் உடம்பின் கையில்தானா என்றால் அதுவும் இல்லை. ஆஸ்திரேலியாவில் சிட்னி பக்கம் ஒரே ஆளின் ரத்தத்தை ஏற்றிக்கொண்ட சிலர் பல வருடம் நோய் முற்றாமல் இருந்தார்கள். அந்த வைரஸில் நெஃப் என்ற மரபணுவின் ஒரு பகுதியே காணோம் என்று 1995இல் தெரிந்தது. இதற்கு நேர் எதிராக, நெதர்லாந்தில் பரவியிருந்த ஒரு ரகம் 2022இல் வெளிச்சத்துக்கு வந்தது, அது தொற்றியவர்களுக்கு வைரஸ் அளவு மூன்றரை முதல் ஐந்தரை மடங்கு அதிகம், நோயை எதிர்க்கும் சிடி4 என்ற வெள்ளணுக்களின் எண்ணிக்கை இரண்டு மடங்கு வேகத்தில் இறங்கியது. இதில் ஒழுக்கம் எங்கே வந்தது?

இன்னொன்றும் உங்கள் கட்டுரையில் விட்டுப்போயிற்று. வைரஸ் குறைவாக இருந்தாலும் மாத்திரை வேண்டும். சிடி4 எவ்வளவு இருந்தாலும் உடனே தொடங்கு என்பதுதான் 2017 முதல் நம் நாட்டு விதி. "எனக்குத்தான் ஒன்றும் செய்யவில்லையே" என்று தள்ளிப்போட்டவர்களை, மெலிந்து இருமிக்கொண்டு வரும்போதுதான் மறுபடி பார்க்கிறேன். அந்த நெதர்லாந்து ரகத்துக்கும் இதே மருந்துகள் நன்றாகவே கேட்டன.

அந்தத் தம்பதி போன மாதமும் மாத்திரை வாங்க வந்திருந்தார்கள். இப்போது இருவருக்குமே வைரஸ் கண்டறிய முடியாத அளவில்தான் இருக்கிறது. மாமியார் வரவில்லை.

இப்படிக்கு,
ஏ.ஆர்.டி. மையக் கவுன்சிலர் ஒருவர்
(பெயர் வெளியிட வேண்டாம்)