கரையொதுங்கும் நீலக் குமிழிகளுக்கு ஒரு பதிவேடு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தென்மேல் பருவக்காற்று பலக்கும் நாட்களில் வெள்ளவத்தைக் கரையில், தண்டவாளத்துக்கும் அலைக்கும் நடுவே உள்ள அந்த ஒடுங்கிய மணலில், நீல நிறக் குமிழிகள் ஒதுங்கிக் கிடப்பதை உங்கள் வாசகர்கள் பலர் கண்டிருப்பார்கள். போன வருடம் ஆடி மாதம் என் பேத்தி அவற்றில் ஒன்றைப் பலூன் என்று நினைத்துக் கையில் எடுத்துவிட்டாள். மணிக்கட்டில் சவுக்கால் அடித்ததுபோல் சிவந்த கோடுகள். பிள்ளை துடிக்கிறாள். நின்றவர்களில் ஒருவர் மணலை அள்ளித் தேய்த்தார், இன்னொருவர் தேசிக்காய் வாங்க ஓடினார், “சொறி பட்டிருக்கு, கொஞ்ச நேரத்தில போயிடும்” என்று ஒரு அம்மா தேற்றினார். முப்பது வருடம் உயர்தர மாணவருக்கு உயிரியல் படிப்பித்த நான் செய்வதறியாமல் நின்றேன். இந்த உயிரிகளைச் சுடவைக்கும் நுண்ணிய நஞ்சுப் பையை, அதாவது அழன்மொட்டுச் சிறைப்பையை, கரும்பலகையில் எத்தனையோ தடவை வரைந்திருக்கிறேன். அது பட்ட கைக்கு என்ன செய்வது என்று ஒருநாளும் தேடிப் படித்ததில்லை. அதற்குப் பிறகுதான் படித்தேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில், அது ஜெலிமீன் அல்ல. செய்திகளில் அப்படித்தான் எழுதுகிறோம். அதன் பெயர் பைசாலியா. நாங்கள் பாடத்தில் படித்த ஐதரா, ஒபீலியா என்ற சிறு நீர்வாழ் விலங்குகளுக்கு உறவான ஐதரோசோவா வகுப்பைச் சேர்ந்தது. பார்வைக்கு ஓர் உடல்போல் இருந்தாலும் உண்மையில் அது ஒரு குடியிருப்பு. ஒரே முட்டையிலிருந்து அரும்பிய பல உயிரிகள் பிரியாமல் ஒட்டி வாழ்கின்றன. மிதப்பது ஒன்று, இரை பிடிப்பது ஒன்று, செரிப்பது ஒன்று, இனம் பெருக்குவது இன்னொன்று. மிதவைக்குக் கீழே தொங்கும் பரிசக்கொம்புகள் சிலவேளை 30 மீற்றர்வரை நீளும். கரையில் காய்ந்து கிடந்தாலும் அவை சுடும், ஏனென்றால் சிறைப்பை வெடிப்பதற்கு அந்த விலங்கு உயிரோடு இருக்கவேண்டியதில்லை. ஐதராவில் அளந்து பார்த்தபோது அந்த வெடிப்புக்கு எடுத்த நேரம் 700 நனோசெக்கன், அதாவது ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. மணலைப் போட்டுத் தேய்த்தால் வெடிக்காமல் மிஞ்சியிருப்பவையும் வெடிக்கும்.

செய்யவேண்டியது இதுதான். கடல் நீரால் கழுவி, ஒட்டியிருக்கும் கொம்புகளை வெறுங்கையால் தொடாமல் அகற்றி, தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் 20 நிமிடம் வைக்கவேண்டும். அவுஸ்திரேலியக் கடற்கரையில் பைசாலியா சுட்ட 96 பேரிடம் நடந்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. 45 பாகை செல்சியஸ் வெந்நீரில் வைத்தவர்களில் 87 வீதமானோருக்கு இருபது நிமிடத்தில் வலி குறைந்தது. ஐஸ் வைத்தவர்களில் 33 வீதமானோருக்கே குறைந்தது. மூச்சு முட்டினாலோ உடம்பெல்லாம் தடித்தாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். ஒவ்வாமை அதிர்ச்சி பற்றிய மருத்துவ அறிவே இந்த விலங்கில் தொடங்கியதுதான். 1901இல் மொனாக்கோ இளவரசரின் கப்பலில் பைசாலியாவின் நஞ்சை ஆராயத் தொடங்கிய சார்ல்ஸ் ரிஷேயும் போல் போர்ட்டியேயும், பாரிஸ் திரும்பியபின் இதைப்போலவே சுடும் இன்னொரு கடலுயிரியான கடல் அனிமனியின் நஞ்சை நாய்களுக்கு ஏற்றிப் பார்த்தார்கள். முதல் தடவை தாங்கிய நாய்கள் இரண்டாம் தடவை மிகச் சிறிய அளவிலேயே இறந்தன. அதற்காக ரிஷேக்கு 1913இல் நோபல் பரிசு கிடைத்தது.

இனி, நான் கேட்க வந்த விஷயம். உலகக் கடல்களில் பைசாலியா ஒரே ஓர் இனம் என்றுதான் நெடுங்காலம் கருதினார்கள், நானும் அப்படித்தான் படிப்பித்தேன். 2025இல் வெளியான ஆய்வு 151 மாதிரிகளின் மரபணுத் தொகுதியைப் படித்து, குறைந்தது நான்கு இனங்கள் உண்டு என்று காட்டியது. அந்த ஆய்வாளர்களுக்குக் கைகொடுத்தவற்றில் ஒன்று, உலகெங்கும் கடற்கரையில் நடந்துபோன சாதாரண மக்கள் எடுத்து இணையத்தில் ஏற்றிய ஆயிரக்கணக்கான படங்கள். எங்கள் கையிலும் தொலைபேசி இருக்கிறது. எங்கள் கரைக்கும் அது வருகிறது. நாங்களோ காலால் தட்டிவிட்டுப் போகிறோம்.

இந்தத் தீவின் கடலை மற்றவர்கள் வந்து எழுதிப்போன வரலாறு நீண்டது. 1881இன் இறுதியில் கொழும்பில் வந்திறங்கிய ஜேர்மன் விஞ்ஞானி ஏர்ன்ஸ்ட் ஹெக்கல், வெலிகம வாடிவீட்டில் நுணுக்குக்காட்டியோடு தங்கி, வள்ளத்தில் போய் வலைபோட்டு இந்த உயிரிகளைத் தேடினார். 1902இல் முத்துக்குளிப்பை ஆராய மன்னாருக்கு வந்த பேராசிரியர் ஹேர்ட்மன் சேகரித்த மாதிரிகளை வைத்து, லோரா தோர்ன்லி 1904இல் ஐதரோயிட்டுகள் என்ற, ஒட்டி வாழும் ஐதரோசோவாக்களைப் பற்றியும் எட்வர்ட் பிரவுண் 1905இல் மெடூசாக்கள் என்ற, குடைபோல் நீந்தும் உயிரிகளைப் பற்றியும் எழுதினார்கள். அண்மைக்காலத்தில் வயம்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எங்கள் கரையோர ஜெலிமீன்களைத் தேடிப் பதிந்திருப்பது எனக்குப் பெரிய ஆறுதல். ஆனால் ஆய்வாளர் சிலர் எல்லாக் கரையிலும் எல்லா நாளும் நிற்க முடியாது. தினமும் நிற்பவர்கள் மீனவர்களும் கரையில் நடக்கப்போகும் நாங்களும்தான்.

ஆகவே உங்கள் பத்திரிகை, வைகாசி முதல் புரட்டாதி வரையாவது, வாரம் ஒருமுறை ஒரு சிறு கட்டம் ஒதுக்கவேண்டும் என்று கேட்கிறேன். எந்தக் கரை, எந்தத் திகதி, பக்கத்தில் ஒரு நாணயம் வைத்து எடுத்த படம், மீனவர்கள் அதற்குச் சொல்லும் பெயர், இவ்வளவு போதும். சேர்ந்தவற்றை மட்டக்குளி காக்கைதீவில் இருக்கும், நீர்வாழ் வளங்களை ஆராயும் அரச நிறுவனமான நாராவுக்கு அனுப்பலாம். பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பாடசாலைகளின் உயர்தர மாணவருக்கு இது நல்ல செயற்றிட்டம். ஒளிரும் ஐதரோசோவாவான ஏகுவோரியாவிலிருந்து பச்சைப் புரதத்தைக் கண்டெடுத்து 2008இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஒசாமு ஷிமோமுராவும், மனைவி பிள்ளைகளோடு கரையில் நின்று வலையால் அள்ளித்தான் மாதிரி சேர்த்தார். அதோடு, வெள்ளவத்தை முதல் கல்கிசை வரையான ரயில் நிலையங்களில் படத்துடன் மும்மொழியில் ஓர் எச்சரிக்கைப் பலகை வைக்கும்படி, உரியவர்களை உங்கள் பத்திரிகை வற்புறுத்தவேண்டும்.

என் பேத்தி இப்போது ஒரு கொப்பி வைத்திருக்கிறாள். பைசாலியாவின் மிதவைமேல் கப்பற்பாய்போல் நிற்கும் பகுதி சிலவற்றில் இடப்பக்கமும் சிலவற்றில் வலப்பக்கமும் சாய்ந்திருக்கும், ஒரே காற்று அவற்றை வெவ்வேறு திசைக்குத் தள்ளும் என்று சொல்லிக்கொடுத்தேன். குச்சியால் தள்ளிப் பார்த்து, இடம், வலம் என்று இரண்டு நிரலில் எழுதுகிறாள். கட்டம் தொடங்கும் வாரத்தில் அந்தக் கொப்பியின் முதல் பக்கத்தை அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 06.