குட்டியானையில் வந்த மின்சாரத்துக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரை கடந்தபின், எங்கள் ஊரில் நிமிர்ந்து நின்ற மின்கம்பம் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. விழுந்த தென்னைகளுக்கு அடியில் கம்பிகள் கிடந்த அந்த வாரங்களில் எங்களைக் கைவிடாத சிலருக்கு, ஊரார் சார்பில் நன்றி கூறக் கடமைப்பட்டிருக்கிறோம்.

திருவிழாக்களுக்கு மைக்செட் கட்டும் அண்ணன், தம் குட்டியானை என்னும் சிறு சரக்கு வண்டியில் ஏற்றிய ஜெனரேட்டரை, டீசல் செலவை மட்டும் பெற்றுக்கொண்டு தெருத்தெருவாகக் கொண்டுவந்தார். ஆழ்துளைக் கிணறு உள்ள ஒரு வீட்டின் மோட்டாரை ஓட்டித் தெரு முழுவதும் தண்ணீர் பிடித்துக்கொண்டது. ஆனால் எல்லாத் தெருக்களுக்கும் போக வேண்டிய வண்டி ஓரிடத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்க இயலாது; இரவெல்லாம் ஓட்ட டீசலும் கிடையாது.

அந்த இரண்டு மணி நேரத்தை விடியும்வரை நீட்டித் தந்தவர் எலெக்ட்ரீஷியன் தம்பி. வீடுகளில் சார்ஜ் இறங்கிக் கிடந்த இன்வெர்ட்டர்கள் ஒவ்வொன்றும் 200 வாட் அளவே இழுக்கும் என்பதால், மோட்டார் ஓடும்போதே நாலைந்தை இணைத்துவிடலாம் என்றார். வோல்டேஜ் ஆடியதில் சில இன்வெர்ட்டர்கள் ஜெனரேட்டர் மின்சாரத்தை ஏற்க மறுத்தன. அவற்றின் பின்புறமுள்ள சிறு சுவிட்சை யூபிஎஸ் நிலையிலிருந்து சாதாரண நிலைக்கு அவர் தள்ளிவிட்டதும், 180 வோல்ட்டுக்குக் கீழே துண்டித்துக்கொண்டிருந்தவை குறைந்த வோல்டேஜிலும் சார்ஜ் ஏற்றத் தொடங்கின. 150 ஆம்பியர்-மணி பேட்டரி நிரம்பப் பத்து மணி நேரமாவது வேண்டும். எனினும் ஏறிய அளவே இரண்டு எல்இடி விளக்குகளுக்கும், கைபேசிகளுக்கும், மூச்சுத்திணறல் உள்ள பெரியவருக்கு நெபுலைசர் வைப்பதற்கும் போதுமானதாக இருந்தது. மின்விசிறியை யாரும் போடவில்லை.

அவசரத்தில் ஜெனரேட்டர் ஒயரை வீட்டுப் பிளக்கில் சொருக முயன்றவர்களை அவர் உறுதியாகத் தடுத்து, மெயினை அணைத்து, வீட்டை மின்வாரியக் கம்பி, ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றோடு மட்டுமே இணைக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் வைத்த பிறகே இணைப்புக் கொடுத்தார். அப்படிச் சொருகியிருந்தால், மின்சாரம் பின்னோக்கிப் பாய்ந்து டிரான்ஸ்ஃபார்மரில் 11,000 வோல்ட்டாக உயர்ந்து, வயலில் கம்பம் நட்டுக்கொண்டிருந்தவர்களின் உயிரைப் பறித்திருக்கும்.

வெளிமாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்து, இடுப்பளவு சேற்றில் கம்பங்களைத் தோளில் சுமந்த அந்த மின்வாரியத் தொழிலாளர்களுக்கு எங்கள் நன்றி உரியது. எங்கள் வீடுகளால் அவர்களுக்கு எந்த ஆபத்தும் நேராமல் காத்ததற்கு, அந்தத் தம்பிக்கு மறுபடியும் நன்றி.

இப்படிக்கு,
ஊரார் சார்பில்