கடந்த ஆண்டுப் பணிகள்: செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும், முன்னாள் கடற்படை நண்பர்களுக்கும், வந்திருக்கும் குடும்பத்தாருக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகள் வழக்கம்போல் நடந்தன. மாதக் கூட்டங்களில் இரண்டு மழையால் நின்றுபோயின. நவம்பரில் ஓய்வூதியர்களின் ஆயுள் சான்றுக்கு உதவினோம். டிசம்பர் 4, கடற்படை தினத்தில் கொடியேற்றினோம். வடை பாதிப் பேருக்குத்தான் கிடைத்தது என்ற புகாரையும் குறித்து வைத்திருக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டின் பெரிய காரியம், குஜராத் கரையோரம் உள்ள டையூவில் குக்ரி போர்க்கப்பலின் நினைவிடத்தைப் பார்க்கப் போன பயணம்தான். "ஒரு கண்ணாடிக் கூண்டைப் பார்க்க அவ்வளவு தூரம் போகணுமா?" என்று சிலர் கேட்டார்கள். பாதிச் செலவு சங்கத்தினுடையது, கேட்க வேண்டிய கேள்விதான்.

1971 டிசம்பர் 9 இரவு, டையூவுக்கு அப்பால் நடுக்கடலில், பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கி ஏவிய டார்பிடோவில் நம் கடற்படையின் ஐ.என்.எஸ். குக்ரி சில நிமிடங்களில் மூழ்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் அதோடு போனார்கள். கேப்டன் மகேந்திரநாத் முல்லா தம் உயிர்காப்பு அங்கியை ஒரு மாலுமியிடம் கொடுத்துவிட்டுக் கப்பலிலேயே நின்றுவிட்டார். மறைவுக்குப் பின் அவருக்கு மகா வீர் சக்ரா அளித்தார்கள். தரைப்படையில் இறந்தவனுக்கு ஒரு பிடி சாம்பலாவது வீடு வந்து சேரும். கடலில் போனவர்களின் வீட்டார் எங்கே போய் நிற்பது? நினைவிடம் இருக்கும், கடலைப் பார்த்த அந்தச் சிறு குன்றில்தான்.

ரயிலில் வெராவல், அப்புறம் வேன். கண்ணாடிக்குள் குக்ரியின் மாதிரிக் கப்பல் இருக்கிறது. வெளிப்புறம் உப்புப் படிந்து மங்கலாக இருந்தது. பொருளாளர் தம் கைக்குட்டையால் ஒரு முழம் துடைத்தார். நம் மூத்த உறுப்பினர் ஒருவரின் பயிற்சிக்காலத் தோழர் குக்ரியில் பாய்லர் அறையில் வேலை பார்த்தவர். அந்த மூத்த உறுப்பினர், துடைத்த இடத்தில் குனிந்து, நீர்க்கோட்டுக்குச் சற்றுக் கீழே விரலை வைத்து, "இங்கதான் இருந்திருப்பான்" என்றார். வெகுநேரம் விரலை எடுக்கவில்லை. நாங்களும் அவசரப்படுத்தவில்லை. பயணச் செலவைப் பற்றி என்னிடம் கேட்டவர்களுக்கு இதைத்தான் சொல்ல இருக்கிறது.

அதே பெயரில் 1989இல் பணிக்கு வந்த இரண்டாவது குக்ரி 2021இல் ஓய்வுபெற்று, அருங்காட்சியகமாக்க டையூவுக்கே கொடுக்கப்பட்டது. அதில் வேலை பார்த்த யாராவது நம் ஊரில் இருந்தால் சங்கத்துக்கு அழைத்து வாருங்கள். இளம் உறுப்பினர்கள் குறைவு. இது நான்கு வருடமாக நான் எழுதும் வரிதான்.

ஒரு தவறு என்னுடையது. திரும்பும் பயணச்சீட்டைத் தேதி மாற்றிப் போட்டுவிட்டேன். ஒரு நாள் கூடுதலாகத் தங்க நேர்ந்தது. அந்தச் செலவைச் சங்கக் கணக்கில் சேர்க்கவில்லை.

வரும் டிசம்பர் 9 இரவு எட்டேமுக்கால் மணிக்கு நம் கடற்கரையிலேயே கூடலாம் என்று செயற்குழு முடிவு செய்துள்ளது. கடலில் விட மல்லிகை உதிரிப்பூ மட்டும் கொண்டுவரவும். பிளாஸ்டிக் சரிகை வைத்த மாலை வேண்டாம்.