நியூபவுண்ட்லாந்து மீனவர்களுக்கு நன்றி

1986இல் எங்களைக் கடலில் கண்டு காப்பாற்றிய மீன்பிடிப் படகின் தலைவர் கஸ் டால்ட்டன் ஐயாவின் குடும்பத்தாருக்கும், அன்று உதவிக்கு வந்த மற்றப் படகுக்காரர்களுக்கும், செயின்ட் ஜோன்ஸ் நகர மக்களுக்கும் வணக்கம்.

ஆங்கிலத்தில் எங்கள் ஆட்கள் பலமுறை நன்றி சொல்லிவிட்டார்கள். நம்முடைய பிள்ளைகளும் அறியவேண்டும் என்பதால் நான் தமிழில் எழுதுகிறேன்.

1986 ஆகஸ்ட் 11. கனடாவின் நியூபவுண்ட்லாந்துக்கு அப்பால் பனிப்புகார் மூடிய கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நாங்கள் 155 பேர் கிடந்தோம். இலங்கையில் 83 கலவரத்துக்குப் பிறகு ஊரைவிட்டு ஓடி, மேற்கு ஜெர்மனியில் அகதிகளாக இருந்தவர்கள். எந்த நேரமும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில், கையில் இருந்ததையெல்லாம் ஏஜென்சிக்காரனிடம் கட்டிக் கப்பலேறினோம். கரை கிட்டத்தான் என்று சொல்லி, நடுக்கடலில் இறக்கிவிட்டுக் கப்பல் போய்விட்டது. மூன்று நாள். கால் நீட்ட இடமில்லை. பக்கத்தில் இருந்தவரின் தலை என் தோளில் விழும். மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன்.

அப்போதுதான் புகாருக்குள்ளிருந்து உங்கள் படகு வந்தது. கம்பளிக் கையுறை போட்ட ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கியது. விறைத்த விரல்களால் எனக்குத் திரும்பிப் பிடிக்க முடியவில்லை. அந்தக் கை விடவும் இல்லை. உங்களுக்கென்று வைத்திருந்த சாப்பாட்டையும் தண்ணீரையும் தந்தீர்கள். நாங்கள் யாரென்று தெரிய முன்னமே தந்தீர்கள். மற்றப் படகுகளை நீங்கள் கூப்பிட்டிருக்காவிட்டால் எங்களில் எத்தனை பேர் மிஞ்சியிருப்போமோ!

செயின்ட் ஜோன்ஸில் மெமோரியல் பல்கலைக்கழக விடுதியில் எங்களைத் தங்க வைத்தார்கள். காய்ந்த உடுப்பு, சூடான சாப்பாடு, ஒரு கட்டில். அங்கே எங்களைப் பார்த்துக்கொண்ட எல்லோருக்கும் நன்றி. ஒரு வருடம் தங்கவும் வேலை செய்யவும் அனுமதி தந்த நாட்டுக்கும் நன்றி.

ஒன்று மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டபோது, இந்தியாவிலிருந்து என்றோம். ஏஜென்சிக்காரன் சொல்லித் தந்த பொய். உண்மை வெளியே வந்தபோது கனடாவில் பலர் கோபப்பட்டார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. எங்களைக் காப்பாற்றிய உங்களுக்கும் அதனால் எவ்வளவு தலைகுனிவு வந்திருக்கும் என்று நினைப்பேன். அப்படி இருந்தும் 2016இல், முப்பது வருடம் கழித்து எங்கள் ஆட்கள் தேடி வந்தபோது, டால்ட்டன் ஐயா சொந்தக்காரரைப் போல வரவேற்றார்.

அன்று படகில் வைத்தே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்கிறேன், ஐயா. நாங்கள் ஜெர்மனியிலிருந்துதான் வந்தோம். மன்னித்துக்கொள்ளுங்கள்.

அந்த 155 பேரில் ஒருவன்