சுண்ணாம்பு கேட்கிறவளுக்கு ஃபிளாஷ்பேக் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் திகில் தொடர்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஓடிடியில் பேய்க் கதைகளுக்கு நல்ல கிராக்கி இருக்கிறது, தமிழிலும் வாரம் ஒரு தனிக்கதை என்று வருகிற மாதிரி ஒரு தொடர் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அதுவரைக்கும் எனக்கும் சம்மதம்தான். ஆனால் அதில் இரண்டு விஷயங்கள் உறுத்தின. ஒன்று, அந்தத் தொடரை தனுஷ்கோடியில் எடுக்கலாம், 1964 புயலில் இறந்தவர்களின் ஆவிகளை வைத்தே பத்துக் கதை பண்ணலாம் என்று போகிறபோக்கில் எழுதிவிட்ட ஒரு வரி. இன்னொன்று, பேயோடு சிரிப்பைக் கலப்பது சினிமாக்காரர்கள் கண்டுபிடித்த வியாபார உத்தி, நிஜமான திகிலுக்கு அது ஆகாது என்கிற தீர்ப்பு. நான் ராமேஸ்வரம் தீவில் இருக்கிற தங்கச்சிமடத்துக்காரன். இந்த இரண்டுக்கும் என்னிடம் பதில் இருக்கிறது, கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுத் தொடர்களைப் பட்டியல் போட்டவர்கள் 'மாஸ்டர்ஸ் ஆஃப் ஹாரர்' தொடரை விட்டுவிட்டார்கள். அமெரிக்காவில் ஷோடைம் என்ற கட்டணச் சேனலில் 2005இல் தொடங்கி இரண்டு சீசன் வந்தது. ஒவ்வொரு கதையும் சுமார் ஒரு மணி நேரம், ஒவ்வொன்றுக்கும் ஒரு இயக்குநர். மிக் கேரிஸ் என்பவர் திகில் பட இயக்குநர்களை எல்லாம் கூப்பிட்டு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம் என்று ஆரம்பித்த பழக்கம்தான் பிறகு தொடராக மாறியது. அதில் 2005 டிசம்பரில் வந்த 'டீர் வுமன்', அதாவது 'மான் பெண்' என்ற கதையைத்தான் சொல்ல வருகிறேன். இயக்கியது ஜான் லாண்டிஸ், மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' வீடியோவை எடுத்தாரே, அவர்தான். மகன் மேக்ஸோடு சேர்ந்து எழுதியிருக்கிறார்.

கதை இதுதான். ஒரு லாரி டிரைவர் செத்துக் கிடக்கிறார். உடம்பு மிதிபட்டுக் கூழாகிப்போயிருக்கிறது, கிடைக்கிற தடயமெல்லாம் மான் குளம்பு. விலங்குகள் தாக்கிய கேஸ் எல்லாம் தள்ளிவிடப்படுகிற ஒரு மூலையில் உட்காரவைக்கப்பட்ட துப்பறிவாளர் ஒருவர், வேலையிலேயே விருப்பம் போனவர், அவரிடம் இது வருகிறது. அந்த ஆள் ராத்திரி உட்கார்ந்து, இது எப்படி நடந்திருக்கும் என்று யோசிக்கிறார். யோசிக்கிறதை எல்லாம் நமக்குக் காட்சியாகவே காட்டுகிறார்கள். ஒன்றை நினைக்கிறார், சே, இப்படி இருக்க முடியாது என்று அழிக்கிறார், அடுத்ததை நினைக்கிறார், அது முன்னதைவிட அபத்தமாக வந்து நிற்கிறது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் அந்த மான் பெண் ஒரு இடத்தில்கூட நம்மைச் சிரிக்கவைக்கவில்லை. ஒரு வார்த்தை பேசமாட்டாள், புன்னகையோடு பார்ப்பாள், அவ்வளவுதான். சிரிப்பெல்லாம் மனிதனின் மண்டைக்குள், பயமெல்லாம் அவளிடம். இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கவில்லை. சிரிப்பு சட்டென்று நின்றுபோகிற இடமும் உண்டு, பார்க்காதவர்களுக்காக அதைச் சொல்லாமல் விடுகிறேன்.

மான் பெண் அந்த எழுத்தாளர்கள் கற்பனையில் பிறந்தவள் இல்லை. ஓக்லஹோமா பக்கம் மஸ்கோகி, செரோக்கி, சாக்டா போன்ற பூர்வகுடி மக்களிடம் தலைமுறைகளாக இருக்கிற கதை. ஆட்டமும் பாட்டும் நடக்கிற இடத்துக்கு அழகான பெண்ணாக வருவாள், முகத்தைப் பார்த்து மயங்காதே, காலைப் பார், குளம்பு தெரியும் என்று பெரியவர்கள் இளவட்டங்களுக்குச் சொல்லிவைப்பார்கள்.

காலைப் பார். எங்கள் அப்பத்தாவும் இதையேதான் சொன்னது. பேய்க்குக் கால் தரையில் பாவாது, சந்தேகமாக இருந்தால் முகத்தைப் பார்க்காமல் காலைப் பாருடா என்று. நளன் கதையில்கூட, நளன் மாதிரியே வந்து உட்கார்ந்த தேவர்களைத் தமயந்தி கண்டுபிடிப்பது அவர்கள் இமைக்காததையும் கால் தரையில் தோயாததையும் பார்த்துத்தானே. எங்கோ இருக்கிற ஓக்லஹோமாவும் எங்கள் தீவும் ஒரே இடத்தில் வந்து நிற்பது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது.

இதை நான் தனியாகப் பார்க்கவில்லை. ஏப்ரல் 15லிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும், நான் வேலை பார்க்கிற ஐஸ் கம்பெனியில் ஈ ஓட்டுகிற காலம். அப்படி ஒரு ராத்திரி வீட்டு முற்றத்தில் மச்சானும் நானும் லேப்டாப்பில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். பெரியப்பாவும் வந்து உட்கார்ந்துவிட்டார். எழுபது தாண்டிய ஆள், இன்னும் நாட்டுப்படகில் போகிறவர், இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். குளம்பு தெரிந்ததும் வெற்றிலையை மடக்கிக்கொண்டே சொன்னார், "கால பாக்காம கூட்டிட்டுப் போனா மிதிக்கத்தான் செய்வா."

அப்புறம் அவர் கதை வந்தது. நான் சின்னதிலிருந்து கேட்ட கதைதான், ஆனாலும் சொல்கிறேன். அப்போது தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை வரைக்கும் ரோடு கிடையாது, அது 2017இல் வந்தது. அந்தப் பக்கம் கம்பிப்பாடு என்ற இடத்தில் கரைவலை இழுத்துவிட்டு, இவரும் கூட்டாளி ஒருவரும் ராத்திரி மணலில் நடந்து வருகிறார்கள். நல்ல நிலா. உடைமரத்தடியில் ஒரு பொம்பளை நிற்கிறாள். "அண்ணே, கொஞ்சம் சுண்ணாம்பு இருக்கா?" சுண்ணாம்பு கேட்டால் கையால் கொடுக்கக்கூடாது, இரும்பில் வைத்து நீட்ட வேண்டும் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். கூட்டாளி மீன் அறுக்கிற கத்தி நுனியில் சுண்ணாம்பைத் தடவி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நீட்டியிருக்கிறார். கை நடுங்கிய நடுக்கத்தில் சுண்ணாம்பு பாதி அவர் வேட்டியிலேயே கொட்டியதாம். பெரியப்பா குனிந்து மணலையே பார்த்துக்கொண்டிருந்தாராம். "எங்க ரெண்டு பேரு கால்தடந்தான்டா இருந்துச்சு." கத்தியைப் போட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறார்கள். விடிந்து போய்ப் பார்த்தால் கத்தி உடைமரத்தில் குத்தி நிற்கிறது, நுனியில் சுண்ணாம்பு காய்ந்துபோய் இருக்கிறது.

இன்றைக்கும் அந்தப் படகுக்காரர்களுக்குள் யாராவது கடன் கேட்டால் "கத்தியில நீட்டுறா" என்பார்கள், கரையே சிரிக்கும். அந்தக் கூட்டாளி ஆயுசுக்கும் ராத்திரியில் அந்தப் பக்கம் போகவில்லை, அதுவும் நிஜம். இது இரண்டும் ஒரே கதைதானே? இதில் சிரிப்பைத் தனியாகவும் பயத்தைத் தனியாகவும் எப்படிப் பிரிப்பீர்கள்? கட்டுரை எழுதியவர் இதைச் சினிமா உத்தி என்கிறார். செயங்கொண்டார் 12ஆம் நூற்றாண்டில் எந்தச் சினிமா பார்த்தார்? கலிங்கத்துப்பரணியில் பசியில் வாடிய பேய்கள் காளியிடம் முறையிடுகின்றன. இமயத்திலிருந்து வந்த கிழப்பேய் ஒன்று இந்திரசாலம் செய்து இல்லாத பிணக்களத்தைக் காட்டுகிறது. மற்றப் பேய்கள் நிஜம் என்று நம்பி ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வெறுங்கையை அள்ளுகின்றன. பிறகு போர் முடிந்ததும் களத்தில் கூழ் காய்ச்சிக் குடிக்கின்றன, வாய் பேசாத ஊமைப் பேய் கை ஜாடையில் கூழ் கேட்கிறது. படித்தால் குமட்டும், சிரிப்பும் வரும். நம் மொழியில் இது இவ்வளவு பழையது.

அன்றைக்குப் பெரியப்பாவிடம் ஒன்று கேட்டேன். "அவ யாரு பெரியப்பா? யாராச்சும் அநியாயமாச் செத்துப்போன பொம்பளையா?" என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அவ அவதான். சுண்ணாம்பு கேக்குறவ. வேற என்ன?" எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஏனென்றால் பத்து நிமிடத்துக்கு முன்னால்தான் படத்தில் அதையே கேட்டிருந்தோம். பூர்வகுடி மக்களின் சூதாட்ட விடுதியில் வேலை பார்க்கும் ஒருவர் போலீஸ்காரர்களுக்கு மான் பெண் கதையைச் சொல்கிறார். ஏன் கொல்கிறாள் என்று இவர்கள் துருவுகிறார்கள். பெண் உடம்பும் மான் காலுமாக ஒருத்தி வந்து நிற்கிறாள், அவளிடம் போய்க் காரணம் கேட்கிறீர்களே என்கிற மாதிரி அவர் பதில் வரும். அந்த இடத்துக்காகவே இந்தக் கதையை நான் நாலு முறை பார்த்துவிட்டேன்.

நம் பேய்ப்படங்களில் இது நடக்கவே நடக்காது. இடைவேளைக்குப் பிறகு ஃபிளாஷ்பேக் வந்தே தீரும். அவள் யார், யாரைக் காதலித்தாள், எந்தப் பண்ணையார் கொன்றான், எந்தக் கிணற்றில் போட்டான் என்று முக்கால் மணி நேரம். காரணம் தெரிந்ததும் பயம் போய்விடுகிறது, அவள் பக்கத்து வீட்டு அக்கா ஆகிவிடுகிறாள். பழிவாங்குகிற பேய் நம்மிடம் இல்லை என்று சொல்லவில்லை, பழையனூர் நீலி இருக்கிறாள், அவள் கதைக்குக் காரணம்தான் உயிர். சரி, நீலிக்கு இருக்கட்டும். உடைமரத்தடியில் நிற்கிறவளுக்கும் ஏன் அதே சட்டையை மாட்டுகிறோம்?

இப்போது தனுஷ்கோடிக்கு வருகிறேன், இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததே இதற்குத்தான். ஃபிளாஷ்பேக் வேண்டும் என்று ஆகிவிட்டால் அதற்குச் சாவு வேண்டும். கற்பனையில் ஒரு சாவைக் கண்டுபிடிக்கச் சோம்பல்பட்டால் நிஜமான சாவில் கை வைப்பார்கள். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் ஊரே போனது. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்களோடு கடலுக்குள் போனது. பெரியப்பாவுக்கு அப்போது பத்து வயது. அவருடைய மூத்த அக்கா, எனக்கு அத்தை, தனுஷ்கோடியில் வாழ்க்கைப்பட்டிருந்தவள். அவளும் அவள் வீட்டுக்காரரும் கைப்பிள்ளையும் கிடைக்கவில்லை.

கிடைக்காதவர்களுக்குக் கல்லறை ஏது? நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போது பெரியப்பா மட்டும் தனுஷ்கோடி போவார். இடிந்த கோயில் சுவரோரமாக மணலைக் கையால் குழி பறித்து, காற்றுக்கு அணையாமல் இருக்கத் தேங்காய்ச் சிரட்டைக்குள் மெழுகுவர்த்தியை வைத்து ஏற்றுவார். மூன்று சிரட்டை. பிள்ளைக்கு வைப்பது சின்னச் சிரட்டை. போன வருஷம் நானும் கூடப் போயிருந்தேன். வீடியோ எடுக்கிற பையன்கள் நாலைந்து பேர் கேமராவோடு வந்து, "தாத்தா, ராத்திரி இங்க ரயில் சத்தம் கேக்குமாமே, உங்களுக்குக் கேட்டிருக்கா? உங்க சொந்தக்காரங்க ஆவி தெரியுமா?" என்று மைக்கை நீட்டினார்கள். பெரியப்பா ஒன்றும் பேசவில்லை. எரிந்துகொண்டிருந்த மெழுகை ஊதி அணைத்து, மூன்று சிரட்டையையும் துண்டில் முடிந்து எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார். அந்த மெழுகு பாதிகூட எரியவில்லை.

யோசித்துப் பாருங்கள். சுண்ணாம்பு கேட்டவள் கதையை நூறு முறை சொல்லியிருப்பார், ஒவ்வொரு முறையும் கூட்டாளி நடுங்கியதை நடித்துக் காட்டிச் சிரிக்கவைப்பார். அதே மணல்தான், சம்பவம் நடந்தது புயலுக்குப் பல வருஷம் கழித்துத்தான். ஆனாலும் அவளை அந்தப் புயலோடு ஒரு நாளும் அவர் முடிச்சுப் போட்டதில்லை. செத்துப்போன அக்கா வேறு, உடைமரத்தடியில் நின்றவள் வேறு. இது பள்ளிக்கூடம் போகாத மனிதருக்குத் தெரிந்திருக்கிறது.

அதனால் தொடர் எடுக்க நினைக்கிறவர்களுக்கு உங்கள் பத்திரிகை வழியாக ஒரு வேண்டுகோள். எங்கள் கடற்கரைக்குத் தாராளமாக வாருங்கள். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரைக்கும் கரைக்குக் கரை ஒரு கதை இருக்கிறது, கொள்ளிவாய்ப் பிசாசு பார்த்தவர்கள் இருக்கிறார்கள். சொல்கிறவர்கள் சிரித்தால் நீங்களும் சிரித்து எடுங்கள், அவள் யார் என்று அவர்கள் சொல்லாவிட்டால் நீங்களும் சொல்லாதீர்கள். ரயிலோடு போனவர்களை விட்டுவிடுங்கள், அவர்களுக்குத் தம்பியும் பிள்ளையும் இன்னும் இங்கே உயிரோடு இருக்கிறார்கள்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். அந்த வரி தவறு என்று அடுத்த ஞாயிறு இணைப்பில் நாலு வரி போடுங்கள். கூடவே இந்தக் கதைகளை ஊர்ப்பெயரோடு வாரம் ஒன்றாக வெளியிட ஒரு பக்கம் ஒதுக்க முடியுமா என்று பாருங்கள், நிருபரை அனுப்பினால் நானே கூட்டிப்போகிறேன். பெரியப்பா காலையில் கரை வந்து, மீனைக் கொடுத்துவிட்டுப் பத்து மணிக்கெல்லாம் வீட்டில் இருப்பார். வரும்போது வெற்றிலை வாங்கி வரச் சொல்லுங்கள், சுண்ணாம்பு அவரிடமே இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்