போய் உட்கார்ந்துவிட்டு வா

பாலக்கோடு,
செவ்வாய் இரவு

கண்ணு,

இங்கே எல்லாரும் நலம். பட்டுப்புழு நாலாம் தோலுரிப்பில் நிற்கிறது. தட்டு முழுக்கத் தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் இருக்கின்றன. நாளைக்கு எழுந்துவிடும், அதுவரை இலை போடக் கூடாது. அதனால்தான் பேனா எடுக்க நேரம் கிடைத்தது. எழுந்துவிட்டால் அப்புறம் ஏழு நாளைக்கு எனக்கும் அம்மாவுக்கும் தூக்கம் கிடையாது.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போன் செய்தால் "சாப்ட்டேன்பா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். மூன்று வாரமாக இதே பாட்டு. தம்பி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சரி, சொன்னான். அவனைத் திட்டாதே. ஏதோ பெரிய பொறுப்புக்கு உன்னைக் கேட்டார்களாம், அதற்கு ஒரு இன்டர்வியூ இருக்கிறதாம், நீ "எனக்கு அந்த அளவுக்கு வராதுடா" என்றாயாம். மாதக் கடைசி வரை நேரம் இருக்கிறது என்றும் சொன்னான். உன் வேலையைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. போய் உட்கார்ந்துவிட்டு வா, அவ்வளவுதான். கிடைக்காவிட்டால் போகட்டும்.

போன மாதம் தருமபுரி அங்காடிக்குக் கூடு கொண்டுபோனோம். 150 முட்டைத் தொகுதிக்கு 112 கிலோ, அத்தனையும் நல்ல வெண்கூடு. வியாபாரி ஒருவர் ஒரு கூட்டை எடுத்துக் காதோரம் ஆட்டிப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான், "மழையில கொஞ்சம் ஈரம் அடிச்சிருக்குங்க" என்றேன். ஈரமும் இல்லை, ஒன்றும் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. அம்மா வீடு வரைக்கும் என்னிடம் பேசவில்லை. இறங்கும்போது மட்டும், "அடுத்த தடவை சும்மாவே குடுத்துட்டு வாங்க" என்றாள்.

அன்று ராத்திரி உன் ஞாபகம்தான். 10-ஆம் வகுப்பில் நீ 487 எடுத்தபோது பெரியப்பா வீட்டார் வந்திருந்தார்கள் அல்லவா? "இந்த வருஷம் கேள்வித்தாள் ஈஸியாம், எல்லாப் பிள்ளைங்களும்தான் அள்ளியிருக்குதுங்க" என்று சொன்னேன். கண் பட்டுவிடுமே என்று. நீ தண்ணீர்ச் சொம்போடு கதவோரம் நின்றிருந்தாய். சொம்பைத் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போனாய். நான் பார்த்தேன். பார்த்தும் கூப்பிடவில்லை. அந்த மார்க் ஷீட்டின் ஜெராக்ஸ் ஒன்று இன்னும் என் பீரோவில் இருக்கிறது, அம்மாவுடைய முகூர்த்தப் புடவைக்கு அடியில்.

அதற்காக எல்லாவற்றையும் என் தலையில் கட்டிவிடாதே. விடை தெரிந்தாலும் கையைத் தூக்க மாட்டாள் என்று ஐந்தாம் வகுப்பு டீச்சரே சொல்வார். உன் கூடப் படித்த பிள்ளைகளில் பாதிக்கு நீதானே கணக்குச் சொல்லிக்கொடுத்தாய்? அப்புறம் என்ன? போய் உட்கார்ந்துவிட்டு வா.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. சேலம் இன்டர்வியூ கதையை நீ நூறு தடவை கேட்டிருப்பாய். கார்டு லேட்டாக வந்தது, நான் போனபோது எல்லாம் முடிந்துவிட்டது என்று. ஆயா சாகும்வரை அந்தத் தபால்காரரை "கட்டையில போறவன்" என்றுதான் சொல்லும்.

கார்டு லேட்டாக வரவில்லை கண்ணு. ஒன்பது நாள் முன்னாலேயே வந்துவிட்டது. தொப்பூர் கணவாய் இறங்கும்வரை எனக்கும் தைரியமாகத்தான் இருந்தது. அந்த ஆபீஸ் வாசலில் ஐம்பது அறுபது பேர், கையில் இங்கிலீஷ் பேப்பர், காலில் ஷூ. நான் போட்டிருந்தது சித்தப்பாவுடைய சட்டை, தோள் இறங்கித் தொங்கியது. எதிரே இருந்த டீக்கடைக்குப் போய்விட்டேன். உள்ளே இருந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள், இரண்டு தடவை. நன்றாகக் காதில் விழுந்தது. கையில் இருந்த போண்டாவைத் தின்று முடித்தேன். பஸ் ஏறி வந்துவிட்டேன். ஆயாவுக்கு எழுத்து தெரியாது, கார்டில் இருந்த தேதியை யாரும் பார்க்கவில்லை.

போயிருந்தால் கிடைத்திருக்குமா என்று இன்னும் தெரியவில்லை. கிடைக்காது என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் நாலு நாளில் மறந்திருப்பேன்.

தபால்காரர் பொங்கலுக்குப் பொங்கல் வருவார். ஆயா இனாம் கொடுக்க விடாது. நான் பின்னாலேயே போய்ப் புளியமரத்துக்கிட்ட பத்து ரூபாய் கொடுப்பேன். "ஆயாவுக்கு என் மேல என்னங்க கோபம்?" என்று ஒரு தடவை கேட்டார். வயசாகிவிட்டது அதற்கு என்றேன்.

அம்மாவுக்கு இது தெரியாது. நீ சொல்லாதே, நானே சொல்லிக்கொள்கிறேன்.

கேழ்வரகு மாவு தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன், களி கிண்டத் தெரியாவிட்டால் கூழாவது காய்ச்சிக் குடி. நேரத்துக்குச் சாப்பிடு. இன்டர்வியூ என்றைக்கு என்று மட்டும் சொல், அன்றைக்கு நான் போன் செய்து தொந்தரவு பண்ண மாட்டேன்.

காலையில் முதல் வேலையாக இதைப் பெட்டியில் போட்டுவிடுவேன். மூன்று நாலு நாளில் வந்துவிடும். லேட்டாக வந்தது என்று மட்டும் சொல்லிவிடாதே.

அப்பா